கழுவிய தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் காற்றுத் தொட்டியில் நுரை வெளுப்பாக, மெல்லிசாக இருந்தது. நல்ல அறிகுறி. பால் ஆலையின் கழிவுநீரைத் தின்று சுத்தமாக்கும் நுண்ணுயிர்களை நாங்கள் பூச்சி என்றுதான் சொல்வோம். அவற்றுக்குக் காற்றும் அளவான தீனியும் கொடுத்து உயிரோடு வைத்திருப்பது என் வேலை. வீட்டுக்காரர் இன்றும் கேட்டார், "உன் பூச்சிங்களுக்கு இன்னைக்கு என்ன சாப்பாடு?" உங்களுக்குப் போட்டதைவிட நல்ல சாப்பாடுதான் என்றேன்.

மேலாளரிடம் மறுபடி கேட்டேன். பால் ஓடிய குழாய்களைக் கழுவும்போது முதலில் வருவது பாதி பால். அதைத் தனியாகப் பிடித்தால் மாட்டுத் தீவனத்துக்கு ஆகும். கடைசியில் வருவது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். சேர்த்து வைத்தால் மறுநாளின் முதல் கழுவலுக்கு ஆகும். ஒரு தொட்டியும் இரண்டு வால்வும் போதும். "பாத்துக்கலாம்மா" என்றார். ஆலையில் அவருக்குப் பெயரே 'பாத்துக்கலாம்'தான். இதுவரை எதையும் பார்த்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

சீஸ் பிரிவு தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் இனிப்பு. பால் திரிந்தபின் மிஞ்சும் தண்ணீரை எடுத்துப்போக லாரி வரும் என்றார்கள். வரவில்லை. சாக்கடையில் திறந்துவிட்டார்கள். சாக்கடை என்றால் என் தொட்டி. அத்தனை தீனியைப் பூச்சிகளால் தின்ன முடியாது, மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"லாரி வர்ற வரைக்கும்தானேம்மா. பாத்துக்கலாம்."

மார்ச் 11, புதன்

லாரி வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

நுரை கறுத்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம். தொட்டியிலிருந்து வழிவது பின்பக்கக் கால்வாயில் போகிறது. நான் என்ன செய்ய, கையால் அணைத்துப் பிடிக்கவா?

மதியம் தங்கை போன் செய்தாள். அவள் வீடு அந்தக் கால்வாய் ஓரம்தான். மாடுகள் வைத்திருக்கிறாள், தினமும் எங்கள் ஆலைக்கே பால் ஊற்றுகிறாள்.

"அக்கா, கிணத்துத் தண்ணி நாறுது. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. உங்க ஆலையிலேருந்துதானே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? "நீ அங்கேதானே இருக்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

மார்ச் 24, செவ்வாய்

நாளை மறுநாள் கழிவுநீரைச் சோதிக்க அரசு அதிகாரி வருகிறார். 'பாத்துக்கலாம்' முதல்முறையாக ஒன்றைப் பார்த்தார். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டு, நல்ல தண்ணீரைக் கழிவுநீர் வெளியேறும் வாயில் கலக்கச் சொன்னார். சோற்றில் கல் கிடந்தால் கல்லைப் பொறுக்கமாட்டார்கள் போல, இன்னும் கொஞ்சம் சோற்றைக் கொட்டுவார்கள். நான் மாட்டேன் என்றேன். மோட்டார்காரரைக் கூப்பிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் போய்த் திறந்துவிட்டார். பிள்ளைகுட்டிக்காரர்.

மார்ச் 26, வியாழன்

அதிகாரி நல்ல மனிதராகத் தெரிந்தார். வெளியேறும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலாளர் டீ சொல்லப் போன நேரத்தில் சொல்லிவிட்டேன் — சார், இதில் பாதி போர் தண்ணீர்.

அவர் பாட்டிலுக்கு மூடி போட்டார். பிறகு, "பாட்டில்ல இருக்கறதைத்தானேம்மா நான் எழுத முடியும்" என்றார்.

தொட்டியை வந்து பாருங்கள் என்றேன். மணியைப் பார்த்தார். இன்னும் இரண்டு ஆலைகள் இருக்கின்றனவாம்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவருக்கு நன்றாகக் கேட்டது, அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அதிகாரி போய் ஒரு வாரமாகியும் மோட்டாரை நிறுத்தவில்லை. இதுதான் சுலபம் என்று கண்டுகொண்டார்கள். தங்கை கிணற்றில் வாளி தரை தட்டுகிறதாம்.

அவள் கிணற்றுக்கு வரவேண்டிய ஊற்றை இங்கே உறிஞ்சி, கழிவோடு கலந்து, அவள் வாசல் வழியாகவே அனுப்புகிறோம். இதற்கு நான் பொறுப்பாளர். சட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஏப்ரல் 8, புதன்

இன்று தங்கையின் பாலைத் திருப்பிவிட்டார்கள். பால் இறக்கும் இடத்தில் சோதித்தபோது திரிந்துபோனது. கேனை அலசத் தண்ணீர் பத்தவில்லை, இருந்ததை வைத்துக் கழுவினாள், வேறென்ன செய்வாள்? "நேத்து மிச்சம் கேன்ல ஒட்டியிருந்திருக்கும்க்கா" என்று என்னிடமே சமாதானம் சொன்னாள். யாருக்கு யார் சமாதானம் சொல்வது!

திருப்பிய பாலை அங்கேயே கொட்டச் சொன்னார்கள். நான் தொட்டிக்குத் திரும்பி நடந்து வருவதற்குள் சாக்கடையில் வெள்ளையாக வந்துவிட்டது. என் தங்கை வீட்டுப் பால். தின்பதற்கு ஒரு பூச்சிகூட உயிரோடு இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

மாடுகளை விற்றுவிட்டாள். என்னிடம் சொல்லாமல்.

போய்ப் பார்த்தேன். தொழுவம் கழுவாமல் கிடந்தது. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னக்கா" என்று சிரித்தாள். வெள்ளமா, குடிக்கவே தண்ணீர் இல்லை, பழமொழியைப் பார் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை, வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் பூச்சிகளைப் பற்றிக் கேட்பதில்லை.

வேலையை விட்டுவிடலாமா? விட்டால் அந்த இடத்தில் நுரையின் நிறம் தெரியாத ஒருவர் வந்து உட்காருவார். இருந்து மட்டும் நான் என்ன கிழித்தேன்?

மே 4, திங்கள்

தங்கை எங்கள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பால் இறக்கும் இடத்தில் தரை கழுவும் வேலை. அவளே போய்க் கேட்டிருக்கிறாள்.

மதியம் போய்ப் பார்த்தேன். குழாயைப் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. சிந்திய பாலை முதலில் ரப்பர் தள்ளியால் வழித்துவிடு, பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் போதும் என்று காட்டிக் கொடுத்தேன்.

"நல்லா தாராளமா ஊத்திக் கழுவச் சொன்னாருக்கா, மேனேஜர்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? முதல் நாள்.

மே 5, செவ்வாய்

சாயங்காலம் ஆலை வாசல் குழாயடியில் தங்கை நின்றாள். பக்கத்தில் அவளுடைய பழைய பால் கேன்கள் இரண்டு. காலையில் காலியாகக் கொண்டுவந்திருக்கிறாள்.

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்கு. நிரம்பியதும் ஒன்றை நான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டேன், மற்றதை அவள். பாலைவிடக் கனமாக இருக்கிறது என்றாள். இல்லை, அதே கனம்தான் என்றேன். கால்வாய் ஓரமாக நடந்தோம். மூக்கைப் பொத்திக்கொள்ள இருவருக்கும் கை இல்லை.