வாசல் சுவரில் இருக்கும் குண்டு

கோசெக்,
மார்ச் 28

என் அன்பு மகன் கெலெமெனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் எமெஷேயும் அந்த மெல்போர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் மகள் பொரோகாவும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான், மனசுக்கு அந்த வார்த்தை பொருந்தாது. போனில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். போன் அவளுடையது, நீ கூப்பிட்டதும் அதை மேசைமேல் வைத்து வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி பண்ணிவிடுகிறாள், அவள் எதிரில் நான் இதை எப்படிப் பேச. அதனால்தான் அவள் ஊர் பார்க்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கோட்டைப் பக்கம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள்.

நிற்க. நம் பாதாமி மரம் அவசரப்பட்டுப் பூத்துவிட்டது, போன வாரம் விழுந்த உறைபனியில் பாதிப் பூ கருகிப்போயிற்று, இந்த வருஷம் ஜாம் போட இருக்காது. எதிர்வீட்டு மதில்டாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்திரியாவிலிருந்து பஸ்கள் வரத் தொடங்கிவிட்டன, மாடி அறைக்கு மே மாதம் வரை ஆள் இருக்கிறது. பொரோகா வழிகாட்டித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நம் தெருவில் நடந்து வரும்போது பார்க்க வேண்டுமே, நம் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள், மூன்று பாஷையில் பேசுகிறாள், ஜெர்மன்காரக் கிழவர்கள் வாயைத் திறந்தபடி கேட்கிறார்கள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம் கோட்டையைச் சுற்றி வளைத்த துருக்கிப் படை விலகிப்போன நேரம் என்று தினம் பதினோரு மணிக்கு ஊரெல்லாம் கோயில் மணி அடிக்கிறதே, அந்த நேரத்துக்குச் சரியாகக் கூட்டத்தை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். மணி அடித்து ஓய்ந்ததும் விரலை நீட்டி ஜன்னலுக்குமேல் சுவரில் பாதி புதைந்திருக்கும் பீரங்கிக் குண்டைக் காட்டுவாள். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

என் கவலை அந்தக் குண்டுதான் மகனே. உனக்கு அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீ நான்காம் வகுப்பு முடித்த வருஷம், திராட்சை அறுப்பு விழாவுக்கு ஊரே போயிருந்த அன்று மத்தியானம், உன் அப்பா பீப்பாயின் மேல் ஏறி நின்று சுவரைக் கொத்தினார், நீ சுண்ணாம்புக் கலவை வாளியைத் தூக்கிக் கொடுத்தாய், நான் தெருமுனையில் காவல் நின்றேன். தோட்டத்தில் கொடி நடத் தோண்டும்போது அகப்பட்ட அந்த இரும்புக் குண்டு அதுவரை நிலவறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக் கிடந்தது. மதில்டா வீட்டில் பழைய காலத்துச் சித்திரச் சுவர் இருந்தது, வந்தவர்களெல்லாம் அங்கேயே நின்றுவிட்டு அங்கேயே அறை எடுத்தார்கள், நம் வீட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "நம்ம சுவத்துக்கும் ஒரு கதை வேணும் ரோசா" என்று அப்பா சொன்னார், நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அதற்குப் பிறகு கதையை வளர்த்தது அவர் இல்லை, நான்தான். முதல் கோடையில் வெறும் குண்டு. அடுத்த வருஷம் அது வந்து விழுந்தபோது அடுப்பிலிருந்த சூப் பானை கவிழ்ந்ததாகச் சொன்னேன். அதற்கடுத்த வருஷம் தொட்டிலில் ஒரு குழந்தையைப் படுக்கவைத்தேன், அத்தனை சத்தத்திலும் அதன் தூக்கம் கலையவே இல்லை என்றேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். நீங்கள் ஆஸ்திரேலியா போனபோது பள்ளிப் படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று என்னிடமே நின்றுவிட்ட உன் மகள், அந்தக் குழந்தையின் கதையைக் கேட்டுத்தான் தூங்குவாள். சரித்திரம் படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் அதனால்தான்.

இப்போது அவள் அந்தக் குண்டைப் பற்றி அறுபது பக்கம் ஆராய்ச்சி எழுதியிருக்கிறாள், எல்லாம் முடிந்ததும் காட்டி உன்னை அசத்த வேண்டும் என்று உன்னிடம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். குண்டு எந்தச் சரிவில் சுவருக்குள் போயிருக்கிறது என்று கம்பி வைத்து அளந்தாள், கணக்குப் போட்டாள், இதுவரை யாரும் சொல்லாத ஒரு குன்றின்மேல் துருக்கிக்காரனின் பீரங்கி நின்றிருக்கிறது என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறாள். அந்தச் சரிவு உன் அப்பா நின்ற பீப்பாய் ஆடிய சரிவு. அருங்காட்சியகத்திலிருந்து வந்து பார்த்த ஒரு பெரியவர் இரும்பு பழையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார், இரும்பு பழையதாகவே இருக்கலாம், சுவரில் அது ஏறினது நம் கையால் அல்லவா. ஏப்ரல் இருபத்துநான்காம் தேதி ஜார்ஜ் திருநாள் அன்று, வழக்கம்போல் திராட்சைத் தோட்டக்காரர்கள் கொடித் துளிர்களைக் கொண்டுபோய், வருஷா வருஷம் துளிர் வரைந்து வைக்கும் ஊர்ப் பெரிய புத்தகத்தில் வரையவைப்பார்கள், ஊர் நிறையக் கூட்டம் இருக்கும். அன்றைக்குத் தலைநகரத்திலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள். நம் வாசலில் கல்வெட்டு திறக்கிறார்கள். அவர்கள் முன்னால் அவள் பேசப்போகிறாள். படித்தவர்கள் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கண்டுபிடிப்பார்கள். அப்போது பொய் சொன்னவள் நான், தலைகுனிகிறவள் அவள்.

நான் சும்மா இருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கசகசா நூடுல்ஸ் பரிமாறும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன், பீப்பாய், வாளி, நிலவறைக் கதவு, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "பாட்டி, தாத்தா போனதுலேர்ந்து நீ எதையெதையோ கலக்குற, போன மாசம் உப்புக்குப் பதிலா சர்க்கரை போட்டல்ல" என்றாள். நான் சத்தியம் பண்ணினேன். "இந்தக் குண்டு நெசம்னும் இதே நாற்காலியில உக்காந்துதான சத்தியம் பண்ணுன, நான் எந்தச் சத்தியத்த எடுத்துக்கட்டும்" என்று கேட்டாள். திங்கட்கிழமை காலையிலேயே என்னை மூளை டாக்டரிடம் காட்ட நாள் வாங்கிவிட்டாள், அன்பினால்தான், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

வேறு வழி தெரியாமல் மதில்டாவிடம் போனேன். நாற்பது வருஷத்துக்கு நெருக்கமாக அவளுடைய விருந்தாளிகளை நம் வீட்டுக்கு இழுத்துக்கொண்ட நானே அவள் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நீ யோசித்துப்பார். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவே இல்லை. "இதச் சொல்ல இவ்வளவு வருஷமா உனக்கு? அன்னிக்கு எனக்குப் பல்வலி, விழாவுக்குப் போகல, உன் புருஷன் தட்டுன தட்டு என் தாடைக்குள்ளயே கேட்டுச்சு. நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன், அதுக்குள்ள என் முழங்கால் போயிடுச்சு" என்றாள். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா பொறாமைன்னுவீங்க. நல்லா இருந்துச்சுடி உன் கதை, அந்தத் தொட்டில் குழந்தைக்கு நானே ஒருதரம் அழுதிருக்கேன்" என்றாள். அவள் சாட்சி சொல்லத் தயார்தான். ஆனால் பொரோகா காதில் அது ஏறாது, எதிர்வீட்டுப் பொறாமை என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்ததும் நான்தானே.

ஆகவே மகனே, இனி உன் வாய் ஒன்றுதான் மிச்சம். உன் பேச்சை அவள் நம்புவாள், நீ அவளிடம் பொய் சொன்னதில்லை. அந்த வேலையில் இருந்தவர்களில் என்னை விட்டால் உயிரோடு இருப்பவன் நீ மட்டும். உனக்கு ஞாபகம் இருக்கும், வாளியைத் தூக்கும்போது உன் கழுத்தில் மாட்டியிருந்த பள்ளி மாணவர் படையின் தகர விசில் கலவைக்குள் விழுந்துவிட்டது, அப்பா கவனிக்காமல் அதையும் சேர்த்து அடைத்துவிட்டார். விசிலைத் தொலைத்ததற்குப் பள்ளியில் திட்டுவார்கள் என்று நீ இரண்டு நாள் அழுதாய். அந்த விசில் இன்னும் குண்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இதை அவளிடம் சொல். கோபமாகச் சொல்லாதே, கேலியாகவும் சொல்லாதே, அறுபது பக்கமும் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதினது. அவளே எழுந்து நின்று, நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று பேராசிரியர்களுக்கு எழுதிவிட்டால் அவள் மானம் நிற்கும், அடுத்தவர் சொல்லித் தெரிந்தால் நிற்காது. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், பொய்க்காரக் கிழவி என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், புத்தி பேதலித்தவள் என்று என் பேத்தி நினைப்பதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

இந்தத் தபால் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும். வந்த அன்றே அவளைக் கூப்பிடு, தனியாகப் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு, அப்போதுதான் போனை மேசைமேல் வைக்கமாட்டாள். நீ கூப்பிட்டு அவள் நம்பிவிட்டால் குண்டு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், இது எங்கள் தாத்தா பதித்த குண்டு என்று அவள் மனம் வந்தால் கூட்டத்துக்குக் காட்டட்டும். ஏப்ரல் இருபத்துமூன்று வரை காத்திருப்பேன். அதற்குள் உன் குரல் வரவில்லை என்றால், அன்று பதினோரு மணி அடித்து ஓய்ந்ததும், அவள் விரல் நீட்டுகிற நேரத்தில், உன் அப்பாவின் உளியோடு வாசலுக்கு வருவேன். பீப்பாயை மதில்டா பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். விசிலை எடுத்து உன் மகள் கையில் கொடுப்பேன், அவள் ஊதிப் பார்த்துக்கொள்ளட்டும்.

எமெஷேயிடம் வெயிலில் தொப்பி இல்லாமல் திரிய வேண்டாம் என்று சொல். நீ சிகரெட்டை விட்டதாக எழுதினாய், நம்புகிறேன், நம்பும்படியே நடந்துகொள். மாதா உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும். கூப்பிட மறக்காதே, இதை மட்டும் மறக்காதே.

உன் வரவுக்கும் அதற்கு முன்னால் உன் போனுக்கும் காத்திருக்கும்,
அம்மா ரோசாலியா