பிறைக்குள் முடிக்க வேண்டிய அத்தியாயம்

ஜனவரி 12, 1998. திங்கள். இராஜபாளையம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைசி வகுப்பை எடுத்து முடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தேன். கஞ்சியைக் குடித்த கையோடு மாமியும் நானும் சென்டருக்குப் போனோம். மாமியின் இளைய மகன், என் கொழுந்தன் அபுதாஹிர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர் அது. மற்ற நேரமெல்லாம் மாணவர்கள் இருப்பார்கள். ரமலான் மாதத்தில் மட்டும் ஆண்கள் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விடுவதால் ஒன்றரை மணி நேரம் மெஷின் எனக்குக் கிடைக்கிறது. நான் தனியாக இருக்கக் கூடாதென்று மாமி துணைக்கு வருகிறார்கள். பின்னால் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டுவார்கள். பேச மாட்டார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை.

இன்று ஒரு பக்கம்தான் தேறியது. கணக்கில் ஒரு குறியை மாற்றினால் போதும் — பக்கம் கோக்கும் லாடெக்ஸ் நிரலை ஓட்டு, பக்கத்தைக் காட்டும் வியூவரை மூடு, திரும்பத் திற, எண்பத்தேழாம் பக்கத்தைத் தேடு. எழுதுகிற நேரத்தைவிட எழுதியதைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். பிப்ரவரி நாலாம் தேதிக்குள் ஆய்வேட்டை மதுரையில் கொடுக்க வேண்டும். எட்டாம் தேதி கணவரிடம் போக எனக்குத் தோஹா விமானம்.

ஜனவரி 13

அவர் தோஹாவிலிருந்து போன் செய்தார். “முடியலேன்னா என்ன, இங்க வந்து எழுதிக்கலாம்லா?”

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? என்னோடு ஆய்வுக்குப் பதிவு செய்த பரிபூரணமும் பம்பாய் போய் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் கல்யாணமாகிப் போனாள். அவள் ஆய்வேட்டுக் கட்டு இன்னும் டிபார்ட்மெண்ட் அலமாரியில் கிடக்கிறது.

ஜனவரி 16

சென்டர் மெஷினில் நான் வேலை செய்யும் இந்த லினக்ஸ், பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்ததுதான். அதன் உதவிக் குறிப்பை வரிவரியாகப் படித்தேன். கோப்பு மாறினால் வியூவர் தானாகவே புதுப் பக்கத்தைக் காட்ட ஒரு வழி இருக்கிறது! நான் சேமிக்கும்போதெல்லாம் லாடெக்ஸ் தானாக ஓட ஒரு சின்ன நிரலும் எழுதிவிட்டேன். திரையின் இடப்புறம் எழுதினால் வலப்புறம் பக்கம் தானே மாறுகிறது. சிரித்துவிட்டேன். மாமி நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஜனவரி 17

வெறும் வெள்ளைப் பக்கம். அல்லது பாதிப் பக்கமும் பிழைச் செய்தியும். நேற்று சிரித்தது அதிகம்.

ஜனவரி 18

காரணம் தெரிந்தது. கோப்பு முழுதாக எழுதப்படும் முன்பே வியூவர் அவசரப்பட்டுப் படித்துவிடுகிறது. உலையில் இருக்கும்போதே சோற்றை இலையில் போட்ட மாதிரி. வேறு பெயரில் எழுதி, முடிந்த பிறகு பெயரை மாற்றும்படி செய்தேன். இப்போது ஒழுங்காக வருகிறது.

மாமி பின்னாலிருந்து கேட்டார்கள்: “அது தானா மாறுதோ?”

“ஆமா மாமி.”

அவ்வளவுதான். மறுபடி மணி உருண்டது.

ஜனவரி 22

ஒன்பது பக்கம். மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஜனவரி 25

நாலாம் அத்தியாயம் படுத்துகிறது. குறியை மாற்றுகிறேன், பக்கத்தில் மாறவில்லை. தவறான இடத்தில் கை வைத்துவிட்டேனோ என்று இன்னொரு இடத்தில் மாற்றினேன். அப்புறம் இன்னொன்று. கண் எரிகிறது. நோன்பு வைத்த தலையும் சரியாக வேலை செய்யவில்லை.

ஜனவரி 26

ரமலானின் இருபத்தேழாம் இரவு. மாமி விடிய விடியத் தொழ வேண்டும். சென்டருக்குப் போகலாமா என்று நான் கேட்கவே இல்லை.

ஜனவரி 27

முட்டாள். முட்டாள்.

நேற்று முன்தினம் ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கிறேன். லாடெக்ஸ் அங்கேயே நின்று, திரையில் பின்னால் மறைந்திருந்த ஜன்னலில் என் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறது. வியூவர் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. நான் அதை நம்பி, சரியாக இருந்ததையெல்லாம் திருத்தித் தொலைத்திருக்கிறேன். தானாக மாறும், தானாக மாறும் என்று எம்புட்டு ஆட்டம்! எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை என்று எனக்கே தெரியவில்லை. நாலாம் அத்தியாயம் முழுவதையும் முதல் வரியிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

ஜனவரி 28

பாதி சரி செய்தாயிற்று. இனி நிரல் நின்றுபோனால் மெஷின் மணியடிக்கும், அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். மீதிக்கு இன்னும் ஓர் இரவு வேண்டும். ஒன்றே ஒன்று. நாளை பிறை தெரிந்தால் நாளைக்கு இரவுத் தொழுகை கிடையாது, எனக்கு மெஷினும் கிடையாது. பெருநாள் முடிந்தால் மறுபடி மாணவர்கள். முப்பத்தொன்றாம் தேதி அச்சுக்கு மதுரை போகாவிட்டால் பைண்டிங் ஆகாது.

ஜனவரி 29. வியாழன்

ஊரே மொட்டை மாடியில் நின்றது. மேற்கே மலை, மலைக்கு மேலே மேகம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கழுத்து வலிக்கப் பார்த்தார்கள். நானும் துஆ கேட்டேன். யா அல்லாஹ், பிறை தெரியக் கூடாது. முப்பது நோன்பும் முழுசா வை. இப்படிக் கேட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

மேகம் விலகவில்லை. மனசு லேசானது. சென்டருக்குப் போக மாமி போர்த்திக்கொள்ளும் துப்பட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அப்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள் — வெளியூரில் பிறை பார்த்துவிட்டார்களாம். நாளைக்குப் பெருநாள்.

பெருநாள் பலகாரமான வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டே அழுதேன். மாமி பார்த்தார்கள். “சீனி காணுமா, இன்னும் போடணுமான்னு பாரு” என்றார்கள். அம்புட்டுதான். எனக்கு வந்த கோபத்துக்குச் சட்டியைப் போட்டு உடைத்திருப்பேன்.

ஜனவரி 30. நோன்புப் பெருநாள்

காலையில் ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குத் திடலுக்குக் கிளம்பினார்கள். அபுதாஹிர் அத்தர் மணக்க வெளியே போனதும் மாமி என் முன்னால் வந்து நின்றார்கள். கையில் சென்டர் சாவி.

“எந்திரி. திடல்ல தொழுது, பயான் கேட்டு, ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடிச்சிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆவும். ஒரு பயலும் அந்தப் பக்கம் வரமாட்டான்.”

“இன்னிக்கா மாமி? வீட்டுக்கு ஆளு வருமே.”

“வந்தா இருப்பாவ. நோன்பு பூரா ஒன் முதுகப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தவ நான். அத அரைகுறையா விட்டுட்டா என் மவன்கிட்ட போவப்போற?”

புதுச் சேலையோடு ஓடினோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் வரிவரியாகச் சரி பார்த்தேன். ஒரு வரியை மாற்றிச் சேமித்து, பக்கம் மாறியதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்த வரிக்குப் போனேன். நடுவில் யாரோ ஒரு பெண் வெளியே கேட்டாள்: “பெருநாளும் அதுவுமா கடையைத் தொறந்து போட்டு இருக்கிய, உள்ள யாரு?”

“என் மருமவ” என்றார்கள் மாமி. “வேலையா இருக்கா. பொறவு வா.”

கடைசிக் குறியை மாற்றினேன். பக்கம் ஒருமுறை வெளுத்து, திரும்பி வந்தது. சரியாக இருந்தது.

பிப்ரவரி 4. மதுரை

நாலு பிரதியும் கொடுத்தாயிற்று. ஒரு வருஷத்துக்குள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு அழைப்பார்களாம், நேரில் வந்தே ஆக வேண்டுமாம். மாமியோடு வெளியே வந்து எஸ்டிடி பூத்திலிருந்து தோஹாவுக்குப் போன் போட்டேன். டிக்கெட்டைத் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போடச் சொன்னேன். “உம்மாகிட்ட கேட்டியா?” என்றார்.

“அவிய பக்கத்துலதான் நிக்காவ. பேசுறியளா?” என்றேன்.

வேண்டாம், போட்டுவிடுகிறேன் என்றார்.