ஏழாம் குழிப் பாதை

2024 மார்ச் 4
எங்கள் பொது கோல்ஃப் மைதானத்துக்கு நூறு வயது. நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுத என்னைப் பிடித்திருக்கிறார்கள். முப்பது வருடக் குமாஸ்தா, எல்லார் வம்பும் என்னிடம் ஸ்டாக். ஆட்டம் மட்டும் தெரியாது.

மார்ச் 9
ஏழாம் குழியைக் குறுக்கே வெட்டும் நடைபாதையை மூடப்போகிறார்களாம். மைதானத்தை ஒட்டிய ஏரவாடா குடியிருப்பிலிருந்து தினமும் அதில்தான் வேதமணி வருகிறாள். எதிர்ப்பக்கப் பள்ளியில் ஆயா. சுற்றி வந்தால் ஒரு மணி நேரம், வேலை போய்விடும். மூடாதீர்கள் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். ஆதாரம், எழுபத்தைந்தாம் ஆண்டு மலர்: ‘கர்னலின் மனைவி கோயிலுக்கு நடக்கப் போட்ட பாதை.’
எழுதிய மகான் நான்! பக்கம் நிரப்ப, கேம்ப் பகுதி இரானி டீக்கடையில் வெண்ணெய் வழியும் பன் மஸ்காவைக் கடித்துக்கொண்டே நான் கற்பனையில் பெற்றெடுத்த அம்மாள் அவள்.

மார்ச் 10
சோறு இறங்கவில்லை. “என்ன பண்ணிட்டு வந்தீங்க?” என்றாள் எஸ்தர். இருபது வருடமாக இதே கேள்வி, இதே மனைவி.

மார்ச் 12
வேதமணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால்—
“நீங்க எழுதறதுக்கு முன்னாடியும் நாங்க நடந்துகிட்டுத்தாண்ணே இருந்தோம். நெசமா எதையாச்சும் தேடுங்க.”

மார்ச் 15
செயலாளர் இன்பநாதனிடமும் சொன்னேன். பாதையை மூடச் சொல்வதே அவர்தான். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. இருபத்தொன்றாம் தேதி கமிட்டி. அதற்குள் வேறு ஆதாரம் இல்லையென்றால் வேலிதான். ஏண்டா வாயைத் திறந்தேன்? திறக்காமல் எப்படி இருப்பது?

மார்ச் 19
ஸ்டோர் ரூமில் மூன்று நாள் தும்மல். கோப்பு முழுக்க விருந்து, வெற்றிக் கோப்பை, யார் யாரோடு பேசவில்லை என்பதுதான். கடைசியில் 1931-ஆம் வருட ஸ்கோர் கார்டு ஒன்று. பின்பக்கம் மைதான விதிகள். நான்காவது: ஏழாம் குழியில் பாதையில் போகிறவர்கள் கடக்கும்வரை பந்தை அடிக்கக் கூடாது.
எத்தனை கார்டு அடுக்கியிருப்பேன்! ஒருநாளாவது திருப்பிப் பார்த்தேனா?

மார்ச் 21
கமிட்டி. இன்பநாதன் கண்ணாடியைத் துடைத்து அந்தக் கார்டை இரண்டு முறை படித்தார். பாதை இருக்கும். மலரில் நான் இருக்கமாட்டேன். “மெர்வின், இனிமே நீங்க சாயா ஏற்பாட்டை மட்டும் பாருங்க.” நியாயம்தான்.

ஏப்ரல் 2
காலை ஆறே முக்கால். ஏழாம் குழியில் இன்பநாதன் அடிக்கத் தயாராக நின்றார். வேதமணி வந்தாள். வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். நட்ட நடுவில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.