மழையில் நின்றவனுக்கு ஒரு டீ

ராதர்ஹாம்,
மார்ச் 9

அன்பு மகள் கெய்லுக்கு,

அம்மா எழுதுகிறேன். மெல்பர்னில் நீயும் குழந்தையும் சுகந்தானே? நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார், அதனால்தான் கடிதம்.

நம் கார் போய்விட்டது. திருடன் எடுக்கவில்லை, சட்டப்படி தூக்கிக்கொண்டு போனார்கள்.

போன கோடையில் ஆஸ்பத்திரி வாசலில் விழுந்த பார்க்கிங் அபராதம் அது. அபராதம் போடாமலிருக்கக் காரில் வைக்கிற ஊனமுற்றோர் அட்டை கண்ணாடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்திருக்கிறது. நான் உள்ளே அப்பாவை ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன், அட்டையையா பார்ப்பேன்? நோட்டீஸ் எல்லாம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. வீடு மாறியபோது காரின் முகவரியை மாற்றாதது எங்கள் தப்புதான். அதற்காக? ஜப்திக்காரன் வந்து கதவைத் தட்டியதற்குக்கூட நம்மிடமே கூலி கேட்கிறார்கள், கெய்ல். என்ன அநியாயம் இது!

அவன் வந்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலையில் இருந்தேன். நல்ல மழை. இந்த ஆட்கள் முதல் தடவை வரும்போது நாமாக உள்ளே விடாவிட்டால் வாசற்படி தாண்டக்கூடாது. காரும் கராஜுக்குள் பூட்டித்தான் இருந்தது. உன் அப்பா பேசாமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் அவர், “ஏம்ப்பா மழையில நிக்கிறே? உள்ள வா, டீ போடறேன்” என்றாராம். அத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், நிறுத்தத்தில் ஒருத்தரையும் நனையவிட்டுப் போனதில்லை.

அந்தப் பாவி இரண்டு சர்க்கரை போட்டுக் குடித்திருக்கிறான். குடித்துவிட்டு எழுந்து வீட்டுக்குள்ளிருந்தே கராஜ் கதவைத் திறந்திருக்கிறான். “ஆஸ்பத்திரிக்குப் போற காருப்பா அது” என்று அப்பா கெஞ்சியதற்கு, “அட்டை வச்ச காரைத்தான் எடுக்கக்கூடாது, இதுல கண்ணாடியில அட்டை இல்லையே பெரியவரே” என்றானாம். அட்டையைத் திருடுகிறார்கள் என்று நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது ஊருக்கே தெரியும். போகும்போது, “டீ பிரமாதம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு அதுதான் ஆறவில்லை.

அந்த ஜப்தி ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஒருத்தி நிதானமாக, “உங்க வீட்டுக்காரர்தானே மேடம் உள்ள கூப்பிட்டாரு?” என்கிறாள். கூப்பிட்டார்தான். மனுஷன் என்று நினைத்துக் கூப்பிட்டார்!

கார் போனால் போகட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி அனுப்புகிறார்கள். கார் போன மறுநாள் அந்த வண்டி டிரைவர் வந்து தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். உன் அப்பா திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், “இனி எவன் தட்டினாலும் திறக்கமாட்டேன், நோரீன்” என்கிறார். ஒரு தடவை மெஷின் தவறியதற்கே கால் இரண்டும் வீங்கிவிட்டது. அதிலிருந்து லீவு போட்டு நானே கதவைத் திறந்து ஏற்றிவிடுகிறேன். இந்த மாதத்தோடு லீவு தீர்கிறது. அதற்குப் பிறகு யார் திறப்பது?

பணம் அனுப்பாதே. திங்கள், புதன், வெள்ளி காலையில் வண்டி வரும் நேரத்துக்கு அப்பாவுக்குப் போன் செய். அவரைத் திட்டாதே, அவர் செய்தது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே. “அப்பா, வந்திருக்கிறது நல்லவர்தான், கதவைத் திறங்க” என்று சொல்லு. என் பேச்சுக்கு அவர் அசையவில்லை. நீ சொன்னால் எழுந்திருப்பார்.

நீயும் குழந்தையும் நன்றாக இருங்கள், கண்ணே.

உன் அம்மா,
நோரீன்