நைனா நடித்த பிணம்

ஆடி 14, வியாழன்

இன்று நைனாவின் காரியம் முடிந்தது. சாயங்காலம் தம்பி அந்தப் பழைய கௌபாய் படத்தை டிவியில் போட்டான். நம்ம மலையடியில் எடுத்த ஓட்டைப் படம்தான். ரெண்டே குதிரை, அட்டையில் செய்த ஜெயில். ஆனால் ஹீரோ தொப்பியைச் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தால் அந்த அட்டையும் இரும்பாகிவிடும்.

அதில் நைனாவுக்குப் பிண வேஷம். ஹீரோ குனிந்து அவர் கண்ணை மூடும்போது நைனாவின் வயிறு ஏறி இறங்கும். ஊரில் யாரும் கவனித்ததில்லை. எல்லாரும் ஹீரோவையே பார்ப்பார்கள். எங்களுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இன்று தம்பி சிரிக்கவில்லை. மூன்று தடவை திருப்பிப் போட்டான்.

"அக்கா, நீயும் பாத்துகினுதானே இருந்த?"

"ஆங்."

மூன்று தடவையும் நான் ஹீரோவைப் பார்க்கவே இல்லை. நைனாவின் வயிற்றையேதான் பார்த்தேன். அது அசையவில்லை.