மேல்தெருவும் கீழ்த்தெருவும்

பிப்ரவரி 11

தங்கை இன்று எங்கள் ஆய்வுக் குழுவில் சேர்ந்தாள். இந்தப் பழைய கல் கிராமத்தை வருடக்கணக்கில் வீடு வீடாக அளந்து வரைந்து வருகிறவள் நான். வந்த முதல் நாளே எல்லோரும் அவளைச் சுற்றித்தான். சாப்பிடும்போது இயக்குநர் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் பக்கத்தில் ஒருநாளும் போட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் — அவள் சிரித்தால் போதும்.

பிப்ரவரி 14

மேல்தெருதான் முதலில் எழுந்தது, பிறகுதான் ஊர் கீழே இறங்கியது. இது என் கட்டுரை. என் பெயர் அதில்தான் நிற்கிறது. இன்று எல்லோர் முன்னாலும் அவள் கேட்கிறாள்: "அக்கா, ரெண்டு தெருவும் சேர்ற இடத்துல, கீழ்த்தெரு வீட்டு மூலையில கல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. மேல்தெரு வீட்டுச் சுவர் சும்மா வந்து அதுல ஒட்டி நிக்குது. அப்ப கீழ்வீடுதானே மூத்தது?"

"நல்ல கண்ணும்மா உனக்கு" என்றார் இயக்குநர்.

மூத்தது எது என்று இவள் எனக்குச் சொல்லித் தருகிறாள்.

பிப்ரவரி 15

வயிறு எரிகிறது. வேறென்ன எழுத?

பிப்ரவரி 18

விடுமுறை. அவள் சொன்னது தப்பென்று காட்டத் தனியாகப் போனேன். இரண்டு சுவரும் சேரும் இடத்தில் சரிந்து கிடந்த கற்களை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்வீட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு, மேல்வீட்டுச் சுவருக்குப் பின்னாலும் போகிறது. மேல்வீடு வருவதற்கு முன்பே பூசிய சுவர். அவள் சொன்னதுதான் சரி.

கற்களைப் பழையபடி அடுக்கிவிட்டு வந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. சே, என்ன ஜென்மம் நான்?

பிப்ரவரி 20

கூட்டத்தில் அவளே எழுந்தாள். "நான் அவசரப்பட்டுட்டேன் சார். அக்கா எத்தனை வருஷமா பாக்குறா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு விட்டுக்கொடுக்கிறாளாம். பெரிய மனசு! அதைத்தான் தாங்க முடியவில்லை — அவள் ஜெயித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"எல்லாரும் வாங்க, காட்டுறேன்" என்று கூட்டிப்போய், அந்தக் கற்களை நானே எடுத்தேன்.

மார்ச் 9

கீழ்த்தெரு முழுக்க இனி அவள் பொறுப்பு. கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டேன், அவள் பெயரை முதலில் போட்டு. போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டது உண்மை.

இன்று கீழ்வீட்டு வாசலை அளந்தோம். டேப்பின் மறுமுனையில் நின்றுகொண்டு, "அக்கா, நல்லா இழுத்துப் பிடி, தொய்யுது பார்" என்று அதட்டினாள்.

இழுத்துப் பிடித்தேன்.