இடப்பக்கத்தால் வரும் மஞ்சள் மீன்

ஐசே,

இன்று காலை மஞ்சள் மீன் கம்ப்யூட்டர் திரையின் நடுவில் திடீரென்று முளைத்தது. அது அப்படி வருகிற மீன் இல்லை என்பது உமக்குத் தெரியும். இடது ஓரத்துப் பாசிக்குள்ளால் வந்து, கல்லைச் சுற்றிக்கொண்டுதான் நடுவுக்கு வரும். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருந்தேன். திரும்பவும் நடுவில்தான் வந்தது. கை பட்டு மவுஸ் அசைந்துவிட்டது. மீன்கள் மறைந்து, பாதியில் நின்ற பிறப்புச் சான்றிதழ் திரையில் வந்தது.

அந்தப் பழைய கம்ப்யூட்டரை நான் இன்னும் எறியவில்லை. வெள்ளவத்தையில் இந்த முன்னறையில் நாம் இரண்டு பேரும் மொழிபெயர்ப்புக் கந்தோர் நடத்திய காலத்து எழுத்துருக்கள் அதில்தான் ஒழுங்காகத் தெரிகின்றன என்று என் மனுசிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் மீன்கள்தான்.

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த நீர், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவீர். நீர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். வேலை இல்லாத நேரத்தில் திரையில் என்ன ஓடவேண்டும் என்பது மட்டும் உம்முடைய பொறுப்பு. எத்தனை மீன், என்ன வேகம், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் அவை வரவேண்டும் என்று செட்டிங்கில் மினக்கெடுவீர். ஒருநாள் நீர் குமிழிச் சத்தத்தைக் கூட்டி வைக்க, மேல்மாடி அம்மா எங்கோ பைப் ஒழுகுகிறதென்று இறங்கி வந்துவிட்டா. அன்றோடு சத்தத்தை நிறுத்தினோம். காத்திருக்கும் சனத்துக்கு மீன்களின் கதையும் நீரே சொல்வீர். வரி போட்ட மீன் இன்ஸ்பெக்டர். மஞ்சள் மீன், கலியாண வீட்டுக்கு எப்போதும் பிந்தி வருகிற மனுசி.

பிறகு கொஞ்சக் காலமாக உம்முடைய கண்ணாடி வீட்டிலேயே நிற்கத் தொடங்கியது. சான்றிதழில் உள்ள பெயர்களை என்னை வாசிக்கச் சொல்வீர். மற்றதெல்லாம் உமக்கு மனப்பாடம்தானே. நானும் மறதி என்றுதான் நினைத்தேன்.

கம்ப்யூட்டர் பழுதாகித் திருத்தி வந்தபோது மீன்கள் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் கலர் கலராகக் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடின. நீர் வந்து உம்முடைய கதிரையில் இருந்தீர். சான்றிதழுக்கு வந்த ஒரு மனுசி பக்கத்தில் இருந்தா. அவவிடம் திரையைக் காட்டி, மஞ்சள் மனுசி இன்னும் சீலை கட்டி முடியவில்லை, இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றீர். நீர் பகிடி விடுகிறீர் என்று அவ சிரித்தா. நான் குழாய்களைப் பார்த்தேன், பிறகு உம்மைப் பார்த்தேன்.

அவ போனபிறகு சொன்னேன். "ஐசே, அதில மீன் இல்லை. குழாய்தான் ஓடுது."

நீர் திரைப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தீர். அப்படியே இருந்துகொண்டு சொன்னீர். "வீட்டில சொல்லிப்போடாதையும். தெரிஞ்சா என்னை வெளியில விடமாட்டினம்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பின்னேரம் காலி வீதியைக் கடக்கும்போது உம்முடைய இடப்பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டு வருவேன். பஸ் ஏற்றிவிட்டு வந்து, நீர் வீடு சேர்ந்ததும் தருகிற மிஸ்ட் கோலுக்காகப் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது பிந்தினால் சோறு இறங்காது. டொக்டரிடம் போம் போம் என்று நச்சரித்தேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்றீர். பெருநாள் முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே போனீர். கடைசியில் போனபோது, முதலே வந்திருந்தால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொன்னாராம். அதை நீர்தான் எனக்குச் சொன்னீர், வேறு யாருக்கோ நடந்ததுபோல.

அதற்குப் பிறகு நான் மீன்களைத் தேடிப் பிடித்துத் திரும்பப் போட்டேன். நீர் அதே கதிரையில் இருந்து, என்ன போகுது என்று கேட்பீர். வடிவாய் இருக்கிறது, நல்ல அழகு என்றால் உமக்குக் கோபம் வரும். "வடிவை நான் நினைச்சுக்கொள்ளுவன். எந்தப் பக்கத்தால வருது, எதுக்குப் பின்னால போகுது, அதைச் சொல்லும்." அப்படிச் சொல்லப் பழகின பிறகுதான் அந்த மீன்களை நானே ஒழுங்காகப் பார்த்தேன். நெஞ்சு நோவென்று நீர் ஒரு காலையில் ஒரேயடியாகப் போய்விடும்வரை அது நடந்தது.

அதனால்தான் இன்றைக்கு எனக்கு உடனே தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். மனுசிக்குச் சொன்னால் தனியே பாங்குக்கும் விடமாட்டாள், பிள்ளைகளுக்கெல்லாம் போன் போகும். மழை விடட்டும் என்று என் வாயும் சொல்லப் பார்த்தது. உம்முடைய பயம் எப்படிப்பட்டது என்று எனக்கு இன்றுதான் விளங்கியது.

கோப்பை எடுக்க அவள் வந்தபோது, கொஞ்சம் இருக்கச் சொன்னேன். அவள் உம்முடைய கதிரையில் இருந்தாள். மீன்கள் வரட்டும் என்று மவுஸைத் தொடாமல் இருந்தோம். "அந்த மஞ்சள் மீன் கண்ணில பட்டதும் சொல்லும்" என்றேன். பாசிக்குள்ளால் தலை நீட்டுது என்று உடனே சொன்னாள். நான் கல்லையும் பாசியையும் தேடிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அது நடுவுக்கு வந்தாப் பிறகுதான் தெரியுது. இடப்பக்கத்தால வாறது ஒண்டும் தெரியேல்லை."

அவள் அழவில்லை. எப்ப தொடக்கம் என்று மட்டும் கேட்டாள். பிறகு எழும்பிப்போய் அடுப்பை நிற்பாட்டினாள்.

பயம் போகவில்லை, ஐசே. முந்தி ஒருவருக்கு இருந்தது, இப்போது இருவருக்கு. இதை அடிக்கும்போது அவள் டொக்டரிடம் போக உடுத்துக்கொண்டு வாசலில் செருப்பைப் போடுகிறாள், கெதியாய் வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள். காலி வீதியைக் கடக்கும்போது என் இடப்பக்கம் நிற்கச் சொல்லவேண்டும்.